வண்டி எங்கே நிற்கிறது? காணாமல் போனவரைத் தேட டிடெக்டிவ் அமர்த்துபவர்களுக்கு

கடலூர், புதுச்சேரி பக்கம் ஒருவர் வீட்டை விட்டுப் போய்விட்டால், விவரம் தெரிந்த டிடெக்டிவ் முதலில் போன் நம்பரைக் கேட்பதில்லை. "வண்டி எடுத்துக்கிட்டுப் போனாரா? அந்த வண்டி இப்ப எங்கே நிக்குது?" என்றுதான் கேட்பார். பைக்கில் கிளம்பியவர்கள் பைக்கிலேயே நெடுந்தூரம் போவது குறைவு. திருப்பாதிரிப்புலியூர் ரயிலடி, கடலூர் பஸ் ஸ்டாண்ட், விழுப்புரம் ஜங்ஷன், புதுச்சேரி புது பஸ் ஸ்டாண்ட் என்று ஏதாவது ஒரு ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு பஸ்ஸோ ரயிலோ ஏறியிருப்பார்கள். ஸ்டாண்டுக்காரர் நோட்டில் வண்டி நம்பரும் விட்ட தேதியும் இருக்கும், பல இடங்களில் நேரமும் இருக்கும். அதை ரயில் அட்டவணையோடு சேர்த்துப் பார்த்தால் எட்டுத் திசை இரண்டு திசையாகச் சுருங்கிவிடும். இதற்கு வேண்டியது ஒரு போட்டோ, ஒரு வண்டி நம்பர், அரை நாள் நடை.

டிடெக்டிவுக்குக் கொடுக்கும் பணம் இந்த நடைக்குத்தான். குடும்பங்கள் பெரும்பாலும் வேறொன்றுக்குப் பணம் கட்டி ஏமாறுகின்றன: "டவர் லொகேஷன் எடுத்துத் தருகிறேன்" என்ற வாக்குக்கு. அதைப் பற்றிக் கீழே விரிவாக.

முதலில் இவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் தனியார் துப்பறிவாளர் தொழிலுக்கென்று அரசு உரிமம் கிடையாது. 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் செக்யூரிட்டி ஆட்களை அனுப்பும் கம்பெனிகளுக்கானது. துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007-ல் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தார்கள், சட்டமாகவில்லை. ஆகவே "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று போர்டில் எழுதியிருந்தால், என்ன அங்கீகாரம் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவோ, கம்பெனிப் பதிவோ, ஏதாவது சங்கத்தின் அட்டையோ காட்டுவார்கள். அவை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒருவரை நிறுத்தி விசாரிக்கவும், கடைக்காரரிடம் கேமரா பதிவை அதிகாரத்தோடு வாங்கவும், வங்கியில் கணக்கு விவரம் கேட்கவும் டிடெக்டிவுக்கு உரிமை இல்லை. கேட்கலாம், நடக்கலாம், காத்திருக்கலாம், பார்த்ததை எழுதித் தரலாம். ரிட்டையர்டு போலீஸ்காரர் என்றால் கொஞ்சம் கூடுதல் வசதி உண்டு: எந்த ஸ்டேஷனில் எந்த ரைட்டரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரிந்திருக்கும். அதற்கு மேல் சட்டப்படி அவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இல்லை.

போலீஸ் புகார் முதலில்

புகார் கொடுக்காமல் டிடெக்டிவிடம் போவது அடித்தளம் போடாமல் சுவர் எழுப்புகிற வேலை. "மானம் போயிடும், சத்தமில்லாம தேடிடலாம்" என்று மூன்று நாள் தள்ளிப்போடுகிற குடும்பங்கள் ஏராளம். 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் வாங்குவோம் என்று சொல்கிற விதி எதுவும் கிடையாது. காணாமல் போனது 18 வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் டிடெக்டிவ் என்ற பேச்சே அப்போது வேண்டாம்; 112 (அவசர உதவி), 1098 (குழந்தைகள் உதவி) இரண்டு எண்ணுக்கும் அடித்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போங்கள். குழந்தை காணவில்லை என்ற புகாருக்கு எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

இந்தப் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே இரண்டு போலீஸ். கடலூர், விழுப்புரம் தமிழ்நாடு போலீஸ்; புதுச்சேரி வேறு. எல்லை நேர்கோடாக இல்லை. ஊருக்குள் ஊர் செருகினாற்போல் கிடக்கிறது. பாண்டியிலிருந்து திருக்கனூர் போகிற வழியில் தமிழ்நாடு குறுக்கே வரும். புதுச்சேரியைச் சேர்ந்த பாகூரில் வீடு, கடைசியாகப் பார்த்தது கடலூர் பஸ் ஸ்டாண்டில் என்றால், "நீங்க அங்க போங்க" என்று இரண்டு பக்கமும் கைகாட்டுவார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ஆம் பிரிவுப்படி, குற்றம் பற்றிய தகவலை, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். வாங்கியவர்கள் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். எழுத்தில் கொடுத்தும் மறுத்தால், அதே பிரிவைக் குறிப்பிட்டு போலீஸ் சூப்பிரண்டுக்குப் பதிவுத் தபால் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

தமிழ்நாட்டுப் பக்கம் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்தது என்பதற்கான சீட்டு மட்டும்) கொடுத்து அனுப்புவது வழக்கம். அதோடு திரும்பிவிடாதீர்கள். 'மேன் மிஸ்ஸிங்' அல்லது 'வுமன் மிஸ்ஸிங்' என்று எஃப்.ஐ.ஆர். போட்டு, நகலை இலவசமாக வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் மற்ற மாவட்ட ஸ்டேஷன்களுக்குத் தகவல் முறையாகப் போகும், போன் கம்பெனியிடம் விவரம் கேட்கும் வேலையும் நகரும். அந்த நகல் டிடெக்டிவின் பையிலும் இருக்க வேண்டும். மடத்திலோ ஆஸ்பத்திரியிலோ "நீ யாரு கேக்க?" என்றால் காட்ட அவரிடம் வேறு எதுவும் கிடையாது. கூடவே, குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட்ட ஒரு பக்க அதிகாரக் கடிதம், கையெழுத்திட்டவரின் அடையாள அட்டை நகலோடு.

கேமராவுக்கு அவசரம், போனுக்கு இல்லை

எது சீக்கிரம் அழியும், எது அழியாது என்று தெரிந்தால் எதை முதலில் செய்வது என்பது தானே தெரிந்துவிடும். கடைகளிலும் வீடுகளிலும் உள்ள சிசிடிவி பதிவு, ஹார்டு டிஸ்க் அளவைப் பொறுத்து 7 முதல் 30 நாளில் தானாக அழிந்து, மேலே புதுப் பதிவு ஏறிவிடும். போன் அழைப்பு விவரத்தைக் கம்பெனிகள் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே முதல் வாரம் முழுக்க கேமராவுக்குப் பின்னால் ஓட வேண்டும். நடப்பது நேர்மாறாக இருக்கிறது. போன் லொகேஷன் வரும் வரும் என்று இரண்டு வாரம் உட்கார்ந்துவிட்டு, பிறகு தெருமுனை மளிகைக் கடைக்குப் போனால் பதிவு போயிருக்கும்.

கேமரா தேடும் முறை: வீட்டு வாசலில் தொடங்கி, அவர் போயிருக்கக்கூடிய ஒவ்வொரு பாதையிலும் கடை கடையாக. ஒவ்வொரு கடையிலும் கேமரா காட்டும் நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் வித்தியாசம் எத்தனை நிமிடம் என்று குறிக்க வேண்டும். கேமரா பதிவுப் பெட்டியின் (டிவிஆர்) கடிகாரம் பத்து, இருபது நிமிடம் தள்ளி ஓடுவது சகஜம். இதைக் குறிக்காமல் விட்டால் பஸ் நேரத்தோடு பொருத்தும்போது எல்லாம் தப்பாகிவிடும். காட்சி கிடைத்தால் திரையைப் போனில் படமெடுத்தது போதாது. பென் டிரைவில் மூலப் பதிவை வாங்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தர மறுத்தால் டிடெக்டிவ் அவரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. கடை பெயர், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, எந்த நேரம் வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, வழக்கு வைத்திருக்கும் எஸ்.ஐ.யிடம் அன்றைக்கே கொடுத்தால் அவர் வாங்கலாம். எஸ்.ஐ.க்கு நூறு வேலை. "கேமரா பாருங்க சார்" என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. எட்டுக் கடையின் பட்டியல் கொடுத்தால் நடக்கும்.

கடலூர்–பாண்டி சாலையில் ஒரு நன்மை இருக்கிறது. பாண்டிச் சரக்கு கடத்துவதைப் பிடிக்க ஆல்பேட்டையில் சோதனைச் சாவடி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் முள்ளோடை, கன்னியக்கோயில் சுற்றி வரிசையாகக் கடைகள், கடைக்கொரு கேமரா. குடிப் பாட்டிலுக்காக உண்டான ஏற்பாடு, ஆளைத் தேடவும் உதவுகிறது.

இப்போது அந்த டவர் லொகேஷன் விஷயம். போன் விவரத்தைச் சட்டப்படி வாங்கக்கூடியவர்கள் விசாரணை அதிகாரிகளும் நீதிமன்றமும்தான். தனியார் ஒருவர் "என் ஆள் இருக்கார், 20,000 கொடுங்க" என்றால் இரண்டில் ஒன்று: அவர் ஏமாற்றுகிறார், அல்லது திருடுகிறார். 2018-ல் மகாராஷ்டிராவின் தானே போலீஸ், அழைப்பு விவரங்களை விலைக்கு வாங்கி விற்றதாகத் தனியார் துப்பறிவாளர்கள் பலரைக் கைது செய்தது. இப்போது 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 42-ஆம் பிரிவில், அனுமதியின்றி அந்தத் தரவை எடுத்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்றிருக்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரையும் வழக்கு இழுக்கும். போதாக்குறைக்கு, விற்கிறவர் தரும் 'லொகேஷன்' பெரும்பாலும் ஒரு மேப் படம்; உண்மையா என்று சரிபார்க்க வழியே இல்லை. கிராமப்புறத்தில் ஒரு டவரின் எல்லை சில கிலோமீட்டர் இருக்கும். 'பண்ருட்டி டவர்' என்று உண்மையாகவே கிடைத்தாலும், முந்திரித் தோப்புக்கு நடுவே யாராவது நடந்துதான் தேட வேண்டும்.

குடும்பத்தினரே வீட்டில் செய்யும் தவறு ஒன்று. காணாமல் போனவரின் ஜிமெயில் பாஸ்வேர்டை அவசரத்தில் மாற்றிவிடுவார்கள். அதோடு அவர் கையில் உள்ள போன் கணக்கிலிருந்து வெளியேறிவிடக்கூடும். போன் எங்கே இருக்கிறது என்று தெரிய இருந்த ஒரு வழியும் அடைபடலாம். எதையும் தொடாமல் எஸ்.ஐ.யிடம் சொல்லுங்கள்.

கையில் கொடுக்க வேண்டிய கோப்பு

டிடெக்டிவைப் பார்க்கப் போகும்போது மூன்று போட்டோ: நேர்முகம், பக்கவாட்டு முகம், தலை முதல் கால் வரை. எல்லாம் கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்தவை, ஃபில்டர் போடாதவை. ஸ்டூடியோவில் வெள்ளையாக்கிய கல்யாணப் படத்தை வைத்துக்கொண்டு டீக்கடைக்காரரிடம் கேட்டால் அவர் எப்படி அடையாளம் சொல்வார்? நடை எப்படி, கால் இழுக்குமா, பல் எது இல்லை, எந்தக் கையால் சாப்பிடுவார், பச்சை குத்தியிருக்கிறதா, செருப்பு எந்த அளவு என்று எழுதுங்கள். போட்டிருந்த உடையை 'நீலச் சட்டை' என்று விடாமல், தையல்காரர் பெயர்த்துணி ஒட்டியிருந்ததா என்பது வரை. துக்கமான காரணத்துக்கும் இந்த விவரம் தேவைப்படலாம்.

மருந்து மிக முக்கியம். சர்க்கரை, வலிப்பு, மனநோய் மாத்திரை எதுவானாலும் பெயர், அளவு, கையில் எத்தனை நாளுக்கு இருந்தது என்று எழுதுங்கள். வலிப்பு மாத்திரை நான்கு நாளில் தீர்ந்திருக்கும் என்றால், ஐந்தாம் நாளிலிருந்து அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுகளில் விசாரிக்க வேண்டும் என்று பொருள். கையில் எவ்வளவு பணம், நகை, எந்த பேங்க் கார்டு, எந்தக் கோயில் மேல் பக்தி, என்ன பீடி, டீயில் சர்க்கரை உண்டா என்பதெல்லாம் எழுதலாம். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் டீக்கடைக்காரருக்கு முகம் மறந்தாலும் "சக்கரை இல்லாம கேட்டாரே" என்பது நினைவிருக்கும்.

பிறகு, குடும்பம் மறைக்கிற விஷயம். கந்துவட்டிக் கடன், ஆன்லைன் ரம்மி, காதல், சொத்துத் தகராறு, முந்தின இரவு விழுந்த அடி. இவற்றில் ஒன்றை மறைத்தால் தேடல் தவறான திசையில் போகும், அந்த நாள்களுக்கும் கூலி நீங்கள்தான் கொடுப்பீர்கள். நல்ல டிடெக்டிவ் குடும்பத்தாரை ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்துப் பேசுவார். அப்பா முன்னால் மகள் சொல்லாததைச் சித்தி சொல்லுவார். கூட்டாக ஹாலில் உட்கார வைத்து அரை மணியில் பேசி முடித்துவிட்டு அட்வான்ஸ் கேட்பவரைத் தவிர்க்கலாம்.

பணமும் எழுத்தும்

"கண்டுபிடிச்சா மொத்தமா இவ்வளவு" என்ற பேச்சு நியாயமாகத் தெரியும். அதில் ஆபத்து உண்டு. முதல் நாளே கிடைத்தால் உங்களுக்கு நஷ்டம். பத்தாம் நாளும் கிடைக்காவிட்டால் அவர் சத்தமில்லாமல் வேலையை நிறுத்திவிடுவார். நாள் கூலியும் செலவு உச்சவரம்பும் சேர்ந்த ஏழு நாள் ஒப்பந்தம் மேல். கணக்குக்குச் சொன்னால், நாளுக்கு 4,000 என்று பேசினால் 7 நாளுக்கு 28,000; பயணம், தங்கல், சாப்பாட்டுக்கு உச்சவரம்பு 10,000; ஆக 38,000. ஜிஎஸ்டி பில் போட்டால் 18 சதவீதம் சேர்ந்து 44,840. முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், வங்கி வழியாக மட்டும். ஏழு நாள் முடிந்ததும் எழுத்தில் அறிக்கை. அதைப் படித்த பிறகுதான் அடுத்த ஏழு நாள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: யார் நேரில் வேலை பார்ப்பார் (சென்னை அலுவலகம் பணம் வாங்கிக்கொண்டு உள்ளூர்ப் பையன் ஒருவனுக்குக் கால்வாசிக் கூலிக்குக் கைமாற்றுவது உண்டு), தினமும் இரவு எந்த நேரத்துக்குள் தகவல் வரும், சட்டவிரோதமாகப் போன், வங்கி விவரம் எடுக்கமாட்டேன் என்ற வரி, போட்டோக்களையும் ஆவணங்களையும் வேலை முடிந்ததும் திருப்பித் தருவது, வேலை நிறுத்தினால் மீதிப் பணம் எப்படி என்பது.

தினத் தகவல் எப்படி இருக்க வேண்டும்? "திருவண்ணாமலையில் தேடினோம், கிடைக்கவில்லை" என்பது தகவலே இல்லை. எந்தத் தெரு, எத்தனை கடை, யாரிடம் கேட்டார், என்ன பதில், நேரம், இடம் பதிந்த போட்டோ. இல்லை என்று முடிந்த இடங்களின் பட்டியலுக்கும் மதிப்பு உண்டு. அடுத்து தேடுகிறவர் அங்கே திரும்பப் போக வேண்டாம் அல்லவா? "ரொம்ப பக்கத்துல வந்துட்டோம், இன்னும் 15,000 போடுங்க" என்ற போன் இரவு ஒன்பது மணிக்கு வந்தால், அன்றைய இடம் பதிந்த போட்டோவைக் கேளுங்கள். பாதிப் பேர் அதோடு அமைதியாகிவிடுவார்கள்.

எங்கே தேடுவது

ஆளைப் பொறுத்து இடம் மாறும். மறதி நோய் உள்ள முதியவர் பெரும்பாலும் தூரம் போவதில்லை. பழைய வீடு, முப்பது வருடம் வேலை பார்த்த மில், சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடம் என்று பழைய பாதையில் நடப்பார். வழி தப்பி வாய்க்கால் ஓரத்திலோ புதரிலோ முந்திரிக்காட்டிலோ உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டாலும் குரல் கொடுக்க மாட்டார். இதில் முதல் நாளில் வேண்டியது டிடெக்டிவ் அல்ல. டார்ச்சோடு இருபது தெருப் பையன்கள். ரயில் ஏறிவிட்டார் என்று தெரிந்தால் வண்டி போய் நிற்கும் கடைசி ஊரையும் சேர்த்துத் தேட வேண்டும், ஏனென்றால் இறங்கத் தெரியாமல் கடைசிவரை உட்கார்ந்திருப்பார். புதுச்சேரி ரயிலடியிலிருந்து ஹவுரா, புதுடெல்லி, தாதர், மங்களூரு, கன்னியாகுமரி வரை வண்டி போகிறது. ரயில் என்றால் ரயில்வே உதவி எண் 139. முதியவர் என்றால் 14567 உதவி எண்ணிலும் பதிந்து வையுங்கள்.

மனக்கசப்பிலோ பக்தியிலோ போனவர்களுக்கு இந்த வட்டாரத்தில் முதல் நிறுத்தம் வடலூர். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையில் அடுப்பு அணைவதில்லை. யார் எவர் என்று கேட்காமல் சாப்பாடு. கையில் காசில்லாதவர் எங்கே சாப்பிடுவார் என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில் அது. மாதப் பூசத்தன்று கூட்டத்தில் முகம் தேடுவது கஷ்டம். அதற்கு முந்தின நாளும் மறுநாளும் பந்தி வரிசையில் நின்று பார்க்க வேண்டும். அடுத்து திருவண்ணாமலை கிரிவலப் பாதை, 14 கிலோமீட்டர், அன்னதானம் நடக்கும் இடங்கள். அங்கே காவியும் தாடியும் மூன்றே மாதத்தில் ஆளை மாற்றிவிடும். கண், காது மடல், நடை இவற்றைத்தான் நம்ப முடியும். வேளாங்கண்ணி, சிதம்பரம், இராமேசுவரம் என்று வரிசை நீளும். டிடெக்டிவ் தானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவார்கள். பேன்ட் சட்டையோடு போட்டோவை நீட்டினால் போலீஸ் என்று நினைத்து வாயைத் திறக்க மாட்டார்கள்.

கடனுக்குப் பயந்து போனவர் கோயிலுக்குப் போக மாட்டார், வேலைக்குப் போவார். திருப்பூர், பெங்களூரு, கேரளா. ஓட்டல் வேலையோ கட்டட வேலையோ, தங்க இடமும் சாப்பாடும் சேர்த்துத் தரும் வேலையாகப் பார்ப்பார். இங்கே விசாரிக்க வேண்டியது ஆள் பிடித்து அனுப்பும் மேஸ்திரிகளை. சில வாரம் போனதும், குறிப்பாகத் தீபாவளி, பொங்கல் நெருங்கும்போது, ஒரு சிநேகிதனுக்கு மட்டும் புது நம்பரிலிருந்து கூப்பிடுவார். அந்தச் சிநேகிதன் யார் என்று கண்டறிவதே பாதி வேலை. அவனை மிரட்டினால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும். "கடனை நாங்க பாத்துக்கறோம், உயிரோட இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு" என்று அவனிடம் சொல்லிவிட்டு வருவதே உத்தமம்.

முதியவர்களின் ஆதாரில் பெரும்பாலும் பிள்ளையின் போன் நம்பர்தான் இருக்கும். அப்படி இருந்தால், ஆதார் இணையதளத்தில் கடந்த 6 மாதத்தில் அந்த ஆதார் எண் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலை ஓடிபி போட்டுப் பார்க்கலாம். தேதியும் எந்த நிறுவனம் என்பதும் தெரியும். ஏதாவது வங்கியிலோ சிம் கடையிலோ விரல் வைத்திருந்தால் பதிவாகியிருக்கும். ஊர் பெயர் நேரடியாக வராது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து எஸ்.ஐ.யிடம் கொடுத்தால் மேற்கொண்டு கேட்பது அவர் கையில்.

மனநலம் குன்றியவர்களைத் தேடும்போது காப்பகங்களைத் தவிர்க்க முடியாது. வாசலில் போட்டோவைக் காட்டி "இல்லை" என்று கேட்டுத் திரும்புவது தேடல் ஆகாது. சேர்க்கைப் பதிவேடு, யார் கொண்டுவந்து விட்டார்கள், வேறு இடத்துக்கு மாற்றினார்களா என்று கேட்க வேண்டும். மாற்றினோம் என்றால் எங்கே, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஒரு ஆசிரமத்தில் இருந்தவர்கள் காணாமல் போன கதை வெளியே வந்ததே, அது ஒருவரைத் தேடி உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனுவால்தான் வந்தது. பதில் மழுப்பலாக இருந்தால் டிடெக்டிவ் அங்கே நிறுத்திக்கொண்டு, பார்த்ததை எழுதி வக்கீலிடம் கொடுக்க வேண்டும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். வக்கீலுக்கு வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கிறது, எண் 15100.

சவக்கிடங்கைப் பற்றி யாரும் வாயெடுப்பதில்லை. தேடலில் அதையும் சேர்த்தாக வேண்டும். கோரிமேடு ஜிப்மர், புதுச்சேரி இந்திரா காந்தி அரசு மருத்துவமனை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, முண்டியம்பாக்கம், சிதம்பரம் என ஐந்து இடங்கள். தண்டவாளத்து ஓரம் கிடைத்தவர்களின் விவரம் ரயில்வே போலீஸிடம் தனியே இருக்கும். ஊர் ஸ்டேஷனில் கேட்டால் தெரியாது. கடற்கரையில் கடைசியாகப் பார்த்ததென்றால் அக்டோபர் முதல் ஜனவரி வரை நீரோட்டம் தெற்கே இழுக்கும், தேவனாம்பட்டினத்துக்கும் கீழே கேட்க வேண்டும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வடக்கே. அடையாளம் தெரியாத உடல்களை அதிக நாள் வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் படமும் உடையும் குறிப்பும் ஸ்டேஷனில் இருக்கும். இந்த வேலையை அம்மா, மனைவி செய்ய வேண்டாம். டிடெக்டிவை அனுப்புங்கள். சந்தேகத்துக்கு இடமிருந்தால் மட்டும் குடும்பத்தில் நெஞ்சு உறுதியான ஒருவர் போகலாம். முடிவாகச் சொல்ல டிஎன்ஏ சோதனை கேளுங்கள். முகம் பார்த்து மட்டும் ஒப்புக்கொண்டு, ஆள் பிறகு உயிரோடு வந்த குழப்பங்கள் உண்டு.

போஸ்டரில் வீட்டு நம்பரைப் போடாதீர்கள். புது சிம் ஒன்று வாங்கி அதைப் போடுங்கள். பரிசுத் தொகையை எழுதாதீர்கள். ஒரு அடையாளத்தை, உதாரணமாக முதுகில் உள்ள மச்சத்தை, வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். "உங்க பையன் ஆக்சிடென்ட் ஆகி ஆஸ்பத்திரியில கிடக்கான், ஜிபேல 5,000 போடுங்க" என்ற போன் நிச்சயம் வரும். அந்த மச்சத்தைக் கேட்டால் வைத்துவிடுவார்கள். பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

கண்டுபிடித்த பிறகு

18 வயது நிறைந்தவர் தன் விருப்பத்தில் போயிருந்தால், அவர் இருக்கும் இடத்தை உங்களிடம் சொல்ல வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். யோக்கியமான டிடெக்டிவ் இதை ஒப்பந்தத்திலேயே எழுதுவார்: நேரில் பார்த்து, நலமாக இருக்கிறார் என்று எழுதி வாங்கி வருவேன், முகவரி அவர் சம்மதித்தால்தான். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடியைத் தேட வருகிறவர்கள் இந்த வரியைப் படித்ததும் கோபப்படுவார்கள். கோபப்பட்டால் அந்த வேலையை ஏற்கக் கூடாது. 2003-ல் விருத்தாசலம் பக்கத்தில் அப்படிக் கல்யாணம் செய்துகொண்ட கண்ணகி, முருகேசன் இருவரையும் தேடிப் பிடித்த பிறகுதான் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றம் 2021-ல் தண்டனை கொடுத்தது, மேல்முறையீட்டில் சில மாற்றங்களுக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் 2025-ல் குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது. இந்த மாவட்டத்தில் தொழில் செய்கிற எந்தத் துப்பறிவாளரும் அதை மறந்துவிட்டு முகவரி விற்க முடியாது.

கூட்டிவரப் போகும்போது வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வேண்டாம். அவர் அதிகம் பயப்படாத ஒருவர், டிடெக்டிவ், அவ்வளவுதான். வந்ததும் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுத்து எஃப்.ஐ.ஆரை முடித்துவிடுங்கள். முடிக்காவிட்டால் அவர் பெயர் காணாமல் போனவர் பட்டியலிலேயே நிற்கும்.

கிடைக்காமலே போகும் வழக்குகளும் இருக்கின்றன. 7 ஆண்டு எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்ததாகக் கருத பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 111-ஆம் பிரிவு இடம் தருகிறது, அதற்கு எஃப்.ஐ.ஆர்., 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற போலீஸ் சான்று, தேடியதற்கான ஆதாரங்களோடு நீதிமன்றம் போக வேண்டும். டிடெக்டிவின் அறிக்கைகளும் ரசீதுகளும் அப்போது உதவும், தூக்கிப் போடாதீர்கள். எல்ஐசி பாலிசி இருந்தால் அதுவரை பிரீமியம் நிற்காமல் கட்டி வர வேண்டும்.

வீட்டில் உள்ள பழைய போன் நம்பரையும் விடக்கூடாது. காணாமல் போனவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றாகத்தான் இருக்கும், பெரும்பாலும் பத்து வருடத்துக்கு முன் வாங்கியது. 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் இணைப்பைத் துண்டித்து, பிறகு வேறு யாருக்காவது அந்த எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்து, ராத்திரியிலும் சார்ஜ் போட்டு, தெரியாத நம்பரிலிருந்து வந்தாலும் எடுங்கள்.